கல்வித் தொலைக்காட்சியா, இல்லம் தேடிக் கல்வியா?

2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழகப் பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதனால் பிள்ளைகளுக்கு நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய அரசு கையாண்ட இரு வழிகளை, உசிலம்பட்டி, மேலூர் போன்ற மதுரை வட்டாரத்து ஊர்களை மனத்தில் கொண்டு ஒப்பிடுகிறேன்.

2019-இலேயே தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சிக்கு இணையமோ கைப்பேசியோ வேண்டியதில்லை. மேல்வகுப்பு மாணவர்க்கு அது ஓரளவு கைகொடுத்திருக்கும். ஆனால், விடியுமுன் பெற்றோருடன் மல்லிகை பறித்துவிட்டுத் திரும்பும் மூன்றாம் வகுப்புச் சிறுமி எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுவது திரைக்குத் தெரியாது.

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி இதற்கு நேர்மாறானது. மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை, அருகில் வசிக்கும் தன்னார்வலர் சுமார் இருபது பிள்ளைகளைத் திண்ணையிலோ சாவடியிலோ அமர்த்திச் சொல்லிக்கொடுத்தார். பெரும்பாலும் பெண்களான இவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய்தான் ஊக்கத்தொகை. அந்த உழைப்புக்கு அது மிகக் குறைவு. பிள்ளை வராவிட்டால் வீட்டு வாசலுக்கே வந்து கேட்க ஓர் அக்கா இருந்தார் என்பதாலேயே, தொடக்க வகுப்புகளுக்கு நான் இதையே தேர்வேன். பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் தமிழக ஊர்ப்புறங்களில் நடத்திய ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டதும், அந்த மீட்சியில் கால் பங்களவு இத்திட்டத்தால் விளைந்ததும் தெரியவந்தன.

ஆயினும் இதன் வரம்பு எட்டாம் வகுப்பு. இடைப்பட்ட காலத்தில் கூலி வேலைக்குப் பழகிவிட்ட, அல்லது மணம் முடித்து அனுப்பப்பட்ட பதினைந்து வயதினருக்கென இவ்விரண்டில் எதுவும் வகுக்கப்படவில்லை.