ஷட்டர் மோட்டார் மாற்றுவதா? மூளையைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள்

எங்கள் படுக்கையறை ஜன்னலில் இருப்பது தகடுகளை மோட்டார் சுருட்டி மேல்பெட்டிக்குள் ஏற்றும் ஷட்டர். ஒரு நாள் அது பாதியில் நின்றுவிட்டது. சுவிட்சை அழுத்தினால் பெட்டிக்குள்ளிருந்து ஒரு முனகல் மட்டும் வரும், தகடு அசையாது. கீழ்த்தகட்டைக் கையால் லேசாகத் தூக்கிக் கொடுத்தால் முக்கி முக்கி ஏறும். ஒரு மாதம் அப்படியே தள்ளினேன். மோட்டாருக்குள் இருக்கும் கெபாசிட்டர் வலுவிழந்திருந்தது. தகடுகள் சுருளும் ஷாஃப்டுக்குள்ளேயே இருக்கும் குழாய் வடிவ மோட்டாரைப் பிரித்து அதை மட்டும் மாற்றுவது முடியாத வேலையில்லை. ஆனால் வயதான மோட்டாரில் அடுத்து பிரேக்கும் கியரும் வரிசையில் நிற்கும் என்பதால் முழுசாகவே மாற்றினேன். எதை வாங்குவது என்று அலசியதில் கற்றதுதான் இங்கே இருப்பது.

முதலில், மோட்டார் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். வீட்டு ஷட்டர் மோட்டார்கள் பெரும்பாலும் தொடர்ந்து 4 நிமிடம் மட்டுமே ஓடும்படி செய்யப்பட்டவை. அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். குழந்தைகள் ஷட்டரை ஏற்றி இறக்கி விளையாடினாலோ, நீங்களே லிமிட் (ஷட்டர் நிற்க வேண்டிய மேல், கீழ் எல்லை) வைக்கிறேன் என்று பத்துப் பதினைந்து தடவை ஓட்டினாலோ மோட்டார் செத்ததுபோல் கிடக்கும். 20 நிமிடம், சூடு அதிகமென்றால் அரை மணி, சும்மா விடுங்கள். தானாக உயிர் வந்தால் பணம் மிச்சம். ஒரு திசையில் மட்டும் ஓடவில்லையென்றால் சுவிட்சையோ லிமிட்டையோ சந்தேகப்படுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் ஷட்டர் அசையவில்லையென்றால், தகட்டையும் ஷாஃப்டையும் இணைக்கும் பட்டை அறுந்திருக்கலாம்.

சரி, போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை நியூட்டன் மீட்டர்?" என்றுதான். மோட்டாரின் முறுக்கு விசையை அளக்கும் அலகு அது. பழைய மோட்டாரின் ஒட்டுத்தாளில் 10, 20, 30 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அது படிக்க முடியாமல் அழிந்திருந்தாலும் கணக்கு எளிது. பிளாஸ்டிக் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ, நுரை அடைத்த அலுமினியம் அதைவிடக் கொஞ்சம் குறைவு, மரம் 10, 11 கிலோ வரை போகும். 1.6 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் உள்ள ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் என்றால் 12 கிலோ. எட்டு முனை கொண்ட 60 மி.மீ. ஷாஃப்டில் 10 நியூட்டன் மீட்டர் மோட்டார் சுமார் 20 கிலோவைத் தூக்கும், 20 என்றால் 40 கிலோ. ஆக அந்த ஜன்னலுக்குப் பத்தே தாராளம். அதே அளவு ஜன்னலுக்கு மரத் தகடு என்றால் 26 கிலோ, 15 அல்லது 20 வேண்டும். 2.4 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரமுள்ள பால்கனிக் கதவுக்குப் பிளாஸ்டிக்கே 26 கிலோ தாண்டும், மரமென்றால் 58 கிலோ, அதற்கு 30 வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "எதற்கும் இருக்கட்டும், ஐம்பதாக வாங்கிவிடலாம்" என்பது நம் எல்லோருக்கும் வரும் புத்தி. ஒரு படி கூடுதலாக எடுப்பதில் தப்பில்லை. ஆனால் 12 கிலோ ஷட்டருக்கு 50 நியூட்டன் மீட்டர் போட்டால், தகடு எங்காவது சிக்கும்போது மோட்டார் நிற்காது, தகடுதான் உடையும். வேகமும் குறையும். 10, 20 வகைகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 17 சுற்று, ஐம்பது என்றால் 12 சுற்றளவில்தான் இருக்கும். காலையில் அந்த ஊர்தலைப் பார்த்துக்கொண்டு நிற்பது உங்கள் பாடு.

அடுத்து ஷாஃப்ட் அளவு. 60 மி.மீ. ஷாஃப்டுக்கும் 50 மி.மீ. ஷாஃப்டுக்கும் 45 மி.மீ. விட்டமுள்ள மோட்டாரே போதும், அடாப்டர் வளையங்கள்தான் மாறும். 40 மி.மீ. ஷாஃப்ட் என்றால் 35 மி.மீ. மெலிந்த மோட்டார். சின்ன ஜன்னல்காரர்கள் மோட்டாரின் நீளத்தையும் பார்க்க வேண்டும். சாதாரண மோட்டாரே அரை மீட்டரைச் சுற்றி வரும்.

சரி, உண்மையான போட்டிக்கு வருவோம்: மெக்கானிக்கல் லிமிட்டா, எலக்ட்ரானிக் லிமிட்டா?

ஷட்டர் மேலே எங்கே நிற்கணும், கீழே எங்கே நிற்கணும் என்று மோட்டாருக்குத் தெரிய வேண்டும். மெக்கானிக்கலில் மோட்டார் தலையில் இரண்டு திருகுகள், ஒன்று மேலுக்கு, ஒன்று கீழுக்கு. ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு வளையம் உள்ளே இருக்கும் எண்ணியை நகர்த்தும், எண்ணிக்கை முடிந்ததும் சுவிட்ச் வெட்டிவிடும். அவ்வளவுதான். தகடு பனியில் ஒட்டியிருக்கிறதா, கீழே பூந்தொட்டி இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சொன்ன இடம் வரை போகும், நிற்கும்.

எலக்ட்ரானிக் வகை சுமையையும் சேர்த்துக் கவனிக்கிறது. தடை தட்டினால் நிற்கும், சில கொஞ்சம் பின்வாங்கவும் செய்யும். மேலே போனதும் கீழ்த்தகட்டில் இருக்கும் தடுப்புக் கட்டை முட்டுவதையும், கீழே தகடு ஜன்னல் விளிம்பில் அழுந்துவதையும் தானே உணர்ந்து லிமிட்டை எழுதிக்கொள்ளும். மெதுவாகப் புறப்பட்டு மெதுவாக நிற்பதால் சத்தமும் குறைவு. கேட்க அழகாக இருக்கிறது.

ஆனால் இந்தச் சொகுசெல்லாம் ஷட்டரும் ஒத்துழைத்தால்தான். கீழ் முனையைத் தானே கண்டுபிடிக்க, தகட்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே வளையாத கொக்கி இருக்க வேண்டும். வெளியிலிருந்து தகட்டைத் தள்ளித் தூக்க முடியாமல் பூட்டுவதும் அந்தக் கொக்கிதான். பழைய வீடுகளில் இருப்பதோ துணிப்பட்டை அல்லது மெல்லிய இரும்புப் பட்டை. தகடு தரையைத் தொட்டதும் அது தளர்ந்து மடியும், மோட்டாருக்கு அழுத்தமே தெரியாது. மேலே தடுப்புக் கட்டைகள் இல்லையென்றால் மேல் முனையும் தெரியாது. அப்போது நீங்களே கையால் இரண்டு புள்ளியையும் பதிவு செய்துவிட்டு, எலக்ட்ரானிக்குக்குக் கூடுதல் பணம் கொடுத்து மெக்கானிக்கல் வேலையை வாங்குகிறீர்கள்.

திருப்பிப் பார்த்தாலும் ஒரு விஷயம் உண்டு. கொக்கி போட்ட ஷட்டருக்கு மெக்கானிக்கல் மோட்டார் மாட்டி, கீழ் லிமிட்டை 2 செ.மீ. அதிகமாக இறக்கி வைத்தீர்களானால், ஒவ்வொரு இரவும் தகடுகளை அது நசுக்கிக்கொண்டே இருக்கும். அங்கே எலக்ட்ரானிக்தான் சரி. குழந்தைகள் கைவைக்கும் பால்கனிக் கதவுக்கும் என் ஓட்டு எலக்ட்ரானிக்குக்கே. மற்ற ஜன்னல்களுக்கு மெக்கானிக்கல் போதும். இடி மின்னலில் போவதற்கு அதனுள் சர்க்யூட் போர்டே கிடையாது.

மெக்கானிக்கலில் இன்னொரு பொறி இருக்கிறது: ஒரே சுவிட்சில் இரண்டு மோட்டார்களை நேரடியாகச் சேர்த்து வயர் போடக் கூடாது. ஒன்று லிமிட்டில் நின்றதும் மற்றதன் கெபாசிட்டர் வழியாக எதிர்த் திசை வயரில் மின்னழுத்தம் ஏறும், நின்றது திடீரென்று கீழே ஓடும், மறுபடி மேலே வரும், சுவிட்சின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். நடுவே இரண்டு மோட்டார்களின் மின்பாதையையும் தனித்தனியாக்கும் பிரிப்பு ரிலே வேண்டும். எலக்ட்ரானிக் வகைகள் பலவற்றை நேராக இணைக்கலாம், ஆனால் அந்த மாடலின் குறிப்பேடு அனுமதித்தால் மட்டும்.

இப்போது ரிமோட். கடையில் நம்மை இழுப்பது இதுதான். மோட்டாருக்குள்ளேயே ரேடியோ ரிசீவர் வைத்து வருவது ஒன்று. சாதாரண வயர் மோட்டாரை வாங்கி, சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்ன கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சொருகுவது மற்றொன்று.

உள்ளே ரேடியோ இருப்பதற்கு நல்ல நியாயம் உண்டு. ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்று வயர் மேலே போனால் போதும், சுவருக்கு வயர் இழுக்க வேண்டாம். ஷட்டர் எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறது என்பதை மோட்டாரே துல்லியமாக அறியும். இருவழித் தொடர்பு உள்ளதென்றால் அதைப் போனுக்கும் சொல்லும். சுவர் உடைக்க மனமில்லாத வீட்டுக்கு இது வரம்.

ஆனால் மோட்டார் 15 வருடம் ஓடும் பொருள். ரேடியோ மொழிகள் அவ்வளவு காலம் ஒரே மாதிரி இருப்பதில்லை. பிரான்ஸின் சோம்ஃபி நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களின் ஆர்டிஎஸ் முறை 433.42 மெகாஹெர்ட்ஸில் பேசும். சந்தையில் கிடைக்கும் பொது ரிமோட்டுகள் பெரும்பாலும் 433.92. வித்தியாசம் அரை மெகாஹெர்ட்ஸ், அதுவே போதும் ஒன்றுக்கொன்று காது கேட்காமல் போக. அவர்களின் பிந்தைய ஐஓ முறை 868 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி, இருவழி. ஒரே வீட்டில் ஒரே நிறுவனத்தின் இரண்டு தலைமுறை மோட்டார்கள் இருந்தாலே இரண்டையும் பேசும் மையப்பெட்டி தேட வேண்டும். ஜிக்பீ, வைஃபை என்று வயரில்லாத் தொடர்பு முறைகள் மாறிக்கொண்டே போகும்போது, பேச்சு மொழி பழசாகிவிட்டது என்பதற்காக நல்ல மோட்டாரைப் பெட்டியிலிருந்து கழற்றுவீர்களா?

அதனால் நான் சுவர் பக்கம். சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி போனால் இரண்டு ஸ்க்ரூ கழற்றி மாற்றிவிடலாம். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் பெரும்பாலும் வேண்டும். பாதி இறக்கு என்றால் அது நேரத்தை வைத்துத்தான் கணிக்கும், நாளடைவில் ஓரிரு தகடு தள்ளிப்போகும். ஒரு முறை முழுசாக ஏற்றினால் திருந்திவிடும். எனக்கு அது உறுத்தவில்லை. வெயில் கோணத்துக்கு ஏற்ப அங்குலம் அங்குலமாக நிறுத்த விரும்புபவர் மோட்டாருக்குள் ரேடியோ வைப்பதுதான் நல்லது.

சோலார் மோட்டாரும் பட்டை சுற்றும் மோட்டாரும் சந்தையில் உண்டு. சோலாரில் வயரே வேண்டாம். ஆனால் நிழல் விழும் சுவருக்கு உதவாது, பேட்டரியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பட்டை வகை சுவரிலேயே உட்கார்ந்து பழைய கைப்பட்டையை இழுக்கும். பெட்டியைத் திறக்கவே வேண்டாம் என்பதால் வாடகை வீட்டுக்கு உகந்தது, சத்தம் மட்டும் அறைக்குள்ளேயே இருக்கும். கேரேஜின் இரும்பு ஷட்டர் வேறு ரகம். ஸ்பிரிங் சமநிலையும் பக்கவாட்டுச் சங்கிலி மோட்டாரும் விழாமல் பிடிக்கும் பாதுகாப்புப் பிரேக்கும் கொண்டது. முறுக்கேறிய ஸ்பிரிங்கில் கை வைப்பது நம் வேலையில்லை.

மாட்டும் வேலைக்கு வருகிறேன். பிரேக்கரை இறக்கி, டெஸ்டரால் பார்த்து உறுதி செய்த பிறகுதான் பெட்டியைத் திறக்கணும். வயர் இணைப்பு எலக்ட்ரீஷியன் வேலை. நான் ஷாஃப்டைக் கழற்றி மாட்டியதோடு சரி. ஷட்டரை முழுசாக இறக்கி, பட்டைகளைக் கழற்றி, எதிர்முனை மூடியை உள்ளே தள்ளினால் ஷாஃப்ட் வெளியே வரும். மோட்டாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ அல்லது ரிவெட், ஷாஃப்டைச் சுற்றவைக்கும் உள் ஓட்டுச் சக்கரத்துக்குள் போகும். புது மோட்டாரின் தலையிலிருந்து அந்தச் சக்கரம் எத்தனை செ.மீ. தள்ளி இருக்கிறது என்று அளந்து, அங்கேதான் துளை போட வேண்டும். ஒரு விரற்கடை தப்பினால் துளை மோட்டாரின் உடம்பில் விழும். பெட்டியின் பக்கவாட்டில் மோட்டார் தலையைத் தாங்கும் பிடிப்பு ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒரு விதம். அதே தயாரிப்பை வாங்கினால் பழைய பிடிப்பே போதும், மாற்றினால் அடாப்டரையும் சேர்த்து வாங்குங்கள்.

அப்படியெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தும் நான் ஒரு கூத்து அடித்தேன். தலையருகே இருக்கும் லிமிட் வளையத்தை ஷாஃப்டுக்குள் முழுசாகத் தள்ளவில்லை, அரை செ.மீ. வெளியே நின்றது. எலக்ட்ரீஷியன் சுவிட்சைப் போட்டார். ஷாஃப்ட் சுற்றியது, வளையம் சுற்றவில்லை, எண்ணி நகரவில்லை. ஷட்டர் ஏறிக்கொண்டே போய்க் கடைசித் தகட்டையும் பெட்டிக்குள் விழுங்கிவிட்டது. அதை வெளியே இழுக்க முழுச் சாயங்காலமும் போனது. அவர் மோட்டாரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

மறுநாள் வளையத்தைச் சரியாக உட்காரவைத்து, லிமிட் திருகுகளைச் சரிபார்த்தோம். மோட்டார் வயர் ஷாஃப்டில் உரசாமல், தண்ணீர் வழிந்தால் மோட்டார் பக்கம் போகாமல் கீழே சொட்டும்படி ஒரு வளைவு விட்டுக் கட்டினோம். கீழ் லிமிட்டில் இன்னும் ஒரு தகடு இறங்க இடம் இருக்கிறது. தகடுகளுக்கு நடுவே இருக்கும் துளைகளில் கடைசி மூன்று வரிசை மூடாமல் நிற்கின்றன. காலையில் தரையில் வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழுவது வீட்டில் பிடித்துப்போனதால், அந்தத் திருகை யாரும் தொடவில்லை.