கரடி ஏன் சாகவில்லை: மெஜிக் அட்டை விளையாட்டில் எங்கள் ஏழு ஆண்டுகள்

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, கட்டாரிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா ‘மெஜிக்: த கெதரிங்’ அட்டைகளில் இரண்டு டெக் (அட்டைக்கட்டு) கொண்டுவந்து தந்தார். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993 இல் வெளிவந்த இந்த விளையாட்டை, ஹட்டனுக்கு அருகே எங்கள் தோட்டத்து வீட்டில் தம்பியோடும் சின்னம்மாவின் பிள்ளைகளோடும் அன்றுமுதல் விளையாடி வருகிறேன். தனித்தனியாக வாசித்தால் எந்த அட்டையும் எங்களுக்குக் குழப்பமாக இருந்ததில்லை. இரண்டு அட்டைகள் ஒரே நேரத்தில் மோதும்போதுதான் வாக்குவாதம் தொடங்கும்.

முதல் வாக்குவாதம் 2/2 அளவுள்ள, அதாவது தாக்கும் பலம் இரண்டும் தாங்கும் பலம் இரண்டும் கொண்ட, என் கரடி அட்டையைப் பற்றியது. தம்பி அதன்மேல் மூன்று சேதம் தரும் லைட்னிங் போல்ட் மந்திரத்தைப் போட்டான். அதற்குப் பதிலாக, அந்தச் சுற்று முடியும்வரை +3/+3 தரும் ஜயன்ட் குரோத்தை நான் போட்டேன். “அண்ணே, நான்தானே முதல்ல போட்டேன், அப்ப என்னுடையதுதானே முதல்ல நடக்கணும்?” என்று அவன் கேட்டது நியாயமாகவே பட்டது. ஆனால் விதி நேர்மாறானது. அம்மா சுட்டு அடுக்கும் ரொட்டியில் கடைசியாகச் சுட்டதுதான் மேலே இருக்கும், அதைத்தான் முதலில் எடுப்போம். போட்ட மந்திரங்கள் நிறைவேறக் காத்திருக்கும் அடுக்கான, 1999 இல் ஆறாம் பதிப்போடு வந்த ‘ஸ்டாக்’ முறையும் அப்படித்தான். என் மந்திரம் முதலில் நிறைவேறிக் கரடி 5/5 ஆகிவிடுவதால், மூன்று சேதத்தையும் அது தாங்கிக்கொள்கிறது. நான் முதலில் வளர்ச்சி மந்திரத்தைப் போட்டு அவன் போல்ட்டால் பதில் சொல்லியிருந்தால், கரடி செத்து, என் மந்திரமும் இலக்கின்றி வீணாகியிருக்கும்.

சுற்று முடிந்து கரடி மீண்டும் 2/2 ஆகும்போது, அதன்மேல் உள்ள மூன்று சேதம் அதைக் கொல்லாதா? கொல்லும் என்று எண்ணி ஏறத்தாழ ஓர் ஆண்டு தவறாகவே விளையாடினோம். சுற்றின் இறுதியில் வரும் ‘கிளீன்அப்’ கட்டத்தில் சேதமும் “சுற்று முடியும்வரை” என்ற விளைவுகளும் ஒரே கணத்தில் நீங்குகின்றன என்ற வரியைப் படித்த பிறகே, எத்தனை கரடிகளை அநியாயமாக இழந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

என்னை மிகவும் கவர்ந்தது ஒப்ளிவியன் ரிங் என்ற அட்டை. அது களத்திற்கு வரும்போது வேறோர் அட்டையை நாடுகடத்தும் (களத்திலிருந்து எடுத்துத் தனியே ஒதுக்கிவைக்கும்), களத்தை விட்டுப் போகும்போது அதைத் திருப்பித் தரும். இவை இரண்டும் தனித்தனித் திறன்கள். முதல் திறன் ஸ்டாக்கில் காத்திருக்கும்போதே ரிங்கை அழித்துவிட்டால், திருப்பித் தரும் திறன் அதற்கு மேலே ஏறி முதலில் நிறைவேறுகிறது. அப்போது திருப்பித் தர ஒன்றுமில்லை. பிறகு முதல் திறன் நிறைவேறி, அட்டை நிரந்தரமாகப் போய்விடுகிறது. 2013 முதல் இவ்வகை அட்டைகள் பலவற்றில் “இது களத்தை விட்டு நீங்கும்வரை” என்று ஒரே திறனாக எழுதுகிறார்கள். அவற்றில் இந்த வித்தை பலிக்காது. பழைய வாசகத்தின் அழகு எனக்குப் பிடித்தாலும், புதிதாகக் கற்பவர்களுக்குப் புதிய வாசகமே நல்லது.

இன்றும் எங்களைத் திணறடிப்பவை, பல அட்டைகளின் தொடர் விளைவுகளை எந்த வரிசையில் கணக்கிடுவது என்று சொல்லும் ‘லேயர்’ விதிகள். பிளட் மூன் என்ற அட்டை, அடிப்படையல்லாத (மலை, சதுப்பு போன்ற சாதாரண நில அட்டைகள் அல்லாத) நிலங்களையெல்லாம் மலைகளாக்குகிறது. அர்போர்க் என்ற நிலம் எல்லா நிலங்களையும் சதுப்பு நிலங்களாகவும் ஆக்குகிறது. எது முதலில் களத்திற்கு வந்தது என்று பார்ப்பதுதான் வழக்கம் என்றாலும், அர்போர்க்கும் அடிப்படையல்லாத நிலம் என்பதால் பிளட் மூன் அதன் திறனையே பறித்துவிடுகிறது. ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருக்கும்போது வந்த வரிசை செல்லாது. இங்கு எப்போதும் பிளட் மூன்தான் வெல்லும். சின்னம்மாவின் மகளுக்கு இதை விளக்க எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது.

குறைகளும் உண்டு. மலைநாட்டு ஈரத்தில் பளபளக்கும் ஃபொயில் அட்டைகள் வளைந்துவிடுகின்றன. உறை போட்டும் முழுப் பயனில்லை. தமிழில் அட்டைகள் இல்லாததால் சிறியவர்களுக்கு ஒவ்வொரு வரியையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. மழை நேரத்தில் சிக்னல் போய்விடுவதால், இலவசமாகக் கிடைக்கும் முழு விதித்தொகுப்பைத் தொலைபேசியில் இறக்கி வைத்திருக்கிறேன். இப்போது யார் மந்திரம் போட்டாலும், “பதில் இருக்கா?” என்று எல்லோரிடமும் கேட்டு, இல்லை என்ற பிறகே அடுத்த அட்டையைத் தொடுகிறோம்.