குழு ஆய்வுக்குக் கியூஜிஐஎஸ்ஸும் கியூஃபீல்டும்: ஒரு மதிப்பீடு

இளநிலைப் புவியியல் மாணவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து செய்யும் ஆய்வுகளில் பல, களத்திலிருந்து திரும்பிய பின், ஒருவர் குறித்ததை மற்றவர் குறித்ததோடு சேர்க்கும்போதுதான் தடுமாறுகின்றன. ஒரே நிலத்தை ஒருவர் ‘தரிசு’ என்றும், இன்னொருவர் ‘வெற்றுநிலம்’ என்றும், மூன்றாமவர் ‘காலி இடம்’ என்றும் எழுதி வைத்திருந்தால், பகுப்பாய்வுக்கு ஒதுக்கிய நேரம் அட்டவணையைச் சீர்செய்வதிலேயே போய்விடும். கணினியில் வரைபடம் வரையவும் இடம்சார்ந்த தரவை ஆராயவும் உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளையும், அதனோடு இணைந்து களத்தில் தரவு பதியக் கைப்பேசியில் இயங்கும் கியூஃபீல்டு செயலியையும் இந்தச் சிக்கலை எவ்வளவு தூரம் தீர்க்கின்றன என்பதை வைத்தே மதிப்பிடுகிறேன்.

கேரி ஷெர்மன் 2002இல் தொடங்கிய கியூஜிஐஎஸ் ஒரு திறந்த மூல மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லாததால் குழுவில் உள்ள அனைவரும் தத்தம் கணினியில் நிறுவிக்கொள்ளலாம்.

இந்த இணையின் உண்மையான வலிமை படிவ அமைப்பில் இருக்கிறது. நிலப்பயன்பாட்டு வகைகளைக் கியூஜிஐஎஸ்ஸில் முன்கூட்டியே தெரிவுப் பட்டியலாக அமைத்து, விடுபடக்கூடாத புலங்களுக்கு (அட்டவணையின் பத்திகளுக்கு) நிபந்தனை விதித்துவிட்டால், அதே படிவம் ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் இணைய இணைப்பு இல்லாமலே திறக்கும். ஒளிப்படத்தையும் அந்தப் புள்ளியோடு சேர்த்துக்கொள்ளலாம். எது தரிசு, எது காலி இடம் என்ற விவாதத்தைக் களத்துக்குப் போகும் முன்பே முடித்தாக வேண்டிய கட்டாயம் இதனால் குழுவுக்கு வருகிறது. வேறு எந்த வசதியைவிடவும் இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் தனித்தனிக் கைப்பேசிகளில் சேர்ந்த தரவை ஒன்றாக்குவது அவ்வளவு எளிதல்ல. இடம்சார்ந்த தரவைச் சேமிக்கும் ஜியோபேக்கேஜ் கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் ‘எஃப்ஐடி’ என்ற தொடர் எண் உண்டு; எல்லோரும் ஒரே வெற்றுக் கோப்பின் நகலோடு கிளம்பினால் எல்லோருடைய எண்களும் 1இலிருந்தே தொடங்கி, இணைக்கும்போது மோதிக்கொள்ளும். தனித்த அடையாளக் குறியீட்டை உருவாக்கும் ‘யூயூஐடி’ சார்பை (கணக்கிட்டு விடை தரும் கட்டளையை) ஒரு தனிப் புலத்தில் தானாக நிரம்பும் இயல்பு மதிப்பாக முன்பே வைத்துவிட்டு, இணைக்கும்போது எஃப்ஐடி புலத்தை விட்டுவிடுவது நல்லது. கைப்பேசிகளின் தரவை இணையம் வழியே ஒன்றுசேர்க்கும் கியூஃபீல்டுகிளவுடு சேவை ஒத்திசைவைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றாலும், ஒரே பதிவை இருவர் திருத்தியிருந்தால் எதை வைத்துக்கொள்வது என்பதைக் குழுதான் முடிவுசெய்ய வேண்டும். பழைய ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவத்தை அடியோடு தவிர்க்கலாம்; அதில் புலப்பெயருக்கு 10 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை.

பரப்பளவுக் கணக்கிலும் கவனம் வேண்டும். டபிள்யூஜிஎஸ் 84 அட்சதீர்க்க அமைப்பில் உள்ள அடுக்கில் (வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் தரவுத் தொகுதியில்) ‘ஏரியா’ சார்பு தரும் விடை சதுர டிகிரியில் இருக்கும். டாலர் குறியோடு தொடங்கும் ‘ஏரியா’ புவியின் வளைவைக் கணக்கில் கொள்ளும். இருவர் ஆளுக்கொன்றைப் பயன்படுத்தினால் ஒரே குளத்துக்கு இரண்டு பரப்பளவு கிடைக்கும். மீட்டரில் அளக்கும் யுடிஎம் ஆய அமைப்பின் உரிய மண்டலத்துக்கு எல்லா அடுக்குகளையும் மாற்றிவிட்டுத் தொடங்குவதே பாதுகாப்பு. வரைபடம் அழகாக அமைந்துவிட்டால் இத்தகைய பிழைகள் நெறியாளர் கண்ணுக்கும் தப்பிவிடுவதுண்டு.

கைப்பேசியின் இருப்பிடத் துல்லியம் திறந்த வெளியில் ஏறத்தாழ 5 மீட்டர்; மரநிழலிலும் உயர்ந்த கட்டடங்களின் நடுவிலும் அது மேலும் மோசமாகும். களப் புள்ளிகளோடு ஒப்பிடப்படும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படிமத்தின் மிக நுண்ணிய படப்புள்ளியே 10 மீட்டர் அகலம் என்பதால், வயலின் வரப்பில் நின்று பதிந்த புள்ளி அடுத்த நிலத்தின் படப்புள்ளியில் போய் விழக்கூடும். கியூஃபீல்டு அந்தந்த நேரத்துத் துல்லியத்தைத் திரையிலேயே காட்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு, ஒரே வகை நிலத்தின் நடுப்பகுதியில் நின்று பதிவதே முறை.

நிலப்பயன்பாடு, நீர்நிலைகள், மண் மாதிரி இடங்கள் போன்ற ஆய்வுகளுக்கு இந்த இணையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வீடு வீடாகச் சென்று நீண்ட வினாப்பட்டியல் கேட்கும் குழுக்களுக்கோ, முந்தைய விடையைப் பொறுத்து அடுத்த வினாவை மாற்றக்கூடிய, கருத்தாய்வுத் தரவு திரட்டும் கருவியான கோபோடூல்பாக்ஸ் மேலும் பொருந்தும். அதில் திரட்டிய இருப்பிடங்களைப் பின்னர் கியூஜிஐஎஸ்ஸில் திறந்துகொள்ளலாம்.