அல்சூரில் ஓர் ஆண்கள் நல கிளினிக்: ஆறு மாத அனுபவம்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள ஒரு சிறிய கிளினிக்கில் விறைப்புக் குறைபாட்டிற்காக ஆறு மாதம் சிகிச்சை பெற்றேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். எனக்கு வயது 46. பீன்யாவில் ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. இந்தச் சிக்கலை வெளியே சொல்ல முடியாமல் இரண்டு ஆண்டுகளை வீணாக்கியவன் என்பதால், என்னைப் போல் தவிப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

இங்கே வருவதற்கு முன், மெஜஸ்டிக் பக்கம் ஒரு விடுதியில் மாதம் ஒருமுறை வந்து தங்கும் வைத்தியரிடம் போனேன். அரை நிமிடம் நாடி பிடித்துவிட்டு, இளவயதுப் பழக்கத்தால் வந்த நரம்புத் தளர்ச்சி என்றார். ஒரு சூரணம், ஒரு லேகியம், பெயரே ஒட்டாத டப்பாவில் சில மாத்திரைகள் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய். மாத்திரை போட்ட இரவுகளில் பலன் தெரிந்தது. கூடவே முகம் சிவந்து, மூக்கடைத்து, தலை வலித்தது. இதைக் கேட்டதும் கிளினிக் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூலிகை என்று விற்கப்படும் இத்தகைய மாத்திரைகளில், வயாகராவில் உள்ள மருந்தான சில்டெனாஃபில் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது என்றும், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிரே போகலாம் என்றும் விளக்கினார். பாலியல் திறனைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. ஆனால் பேருந்து நிலையச் சுவர்களைப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பதாகவே தோன்றாது.

கிளினிக்கில் முதல் நாள் மருந்தே எழுதவில்லை. காலையில் எழும்போது இயல்பாக விறைப்பு இருக்கிறதா, குறட்டை உண்டா, எத்தனை சிகரெட், எந்த மாத்திரைகள் என்று அரை மணி நேரம் கேட்டார். இஞ்ச் டேப்பால் இடுப்பை அளந்தார்: 102 செ.மீ. மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால் எட்டு மணிக்கே வரச் சொன்னார்கள். அது சரியாகவே இருந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவுதான் 7.4 விழுக்காடு. எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மருந்துச் சீட்டின் பின்புறம் இரண்டு வட்டங்கள் வரைந்தார். சிறியது ஆணுறுப்பின் ரத்தக் குழாய், ஒன்று முதல் இரண்டு மி.மீ.; பெரியது இதயத்தினுடையது, மூன்று முதல் நான்கு மி.மீ. கொழுப்பும் சர்க்கரையும் புகையும் குழாயின் உட்சுவரைக் கெடுக்கும்போது சின்னக் குழாய்தான் முதலில் திணறும். இதய நோய்க்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தக் குறை தலைகாட்டுவது அதனால்தான் என்றார். அந்தச் சீட்டை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

சர்க்கரைக்கு ஒரு மாத்திரை தவிர, அவர் சொன்னதெல்லாம் நானே செய்ய வேண்டியவை: வாரம் நான்கு நாள் 40 நிமிடம் மூச்சு வாங்கும் வேகத்தில் நடை, சிகரெட்டுக்கு முழுக்கு, ஏழு மணி நேரத் தூக்கம், இரவில் சோற்றுக்குப் பதில் கேழ்வரகுக் களியும் கீரையும். இயன்முறை மருத்துவர் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி கற்றுத்தந்தார். சிறுநீரைப் பாதியில் அடக்கும்போது இறுகும் அதே தசையைப் படுத்தும் நின்றும் இறுக்கிப் பழக வேண்டும். பிரிட்டனில் 55 ஆண்களிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சியோடு வாழ்க்கைமுறை மாற்றமும் சேர்ந்து ஆறு மாதத்தில் 40 விழுக்காட்டினர் இயல்புக்குத் திரும்பினார்களாம். அதைச் சொன்ன கையோடு, "நூத்துல மிச்சம் அறுபது பேரையும் மனசுல வெச்சுக்கோங்க சார்" என்றும் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரை நம்பினேன்.

அமுக்கராவும் (அஸ்வகந்தா) பூனைக்காலி விதையும் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். நாட்டு மருந்தை அவர் இழிவாகப் பேசவில்லை. அமுக்கரா சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது, சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அதிகமாக இறங்கலாம், பூனைக்காலியில் மூளையில் வேலை செய்யும் எல்-டோபா இருக்கிறது, ஆகவே தன்னிடம் சொல்லாமல் தொட வேண்டாம் என்றார். பாதரசம் சேர்ந்த பற்பங்கள் அறவே கூடாது என்றார்.

இரண்டாவது முறை மனைவியையும் அழைத்துவரச் சொன்னார். "இவரு என் மேல கோவமா இருக்காருன்னுதான் டாக்டர் நான் நெனச்சிட்டிருந்தேன்" என்று அவள் சொன்னபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நான்காவது மாதம் காலை விறைப்பு திரும்பியது. இப்போது இடுப்பு 95 செ.மீ., மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.3 விழுக்காடு. முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மருத்துவர் எழுதிக்கொடுத்த குறைந்த அளவு மாத்திரை எப்போதாவது தேவைப்படுகிறது. ஆலோசனைக் கட்டணம் 900 ரூபாய், பரிசோதனைகளுக்கு 3,200.

குறை என்றால் வரவேற்பு மேசைதான். "என்ன பிரச்சினை?" என்று பத்துப் பேர் காதில் விழக் கேட்கிறார்கள், முதல் நாள் நான் திரும்பிப் போக எழுந்தேவிட்டேன். புகார் சொன்ன பிறகும் மாறவில்லை. ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டால் போதுமே! உணவுப் பட்டியலும் ஆங்கிலத்தில், ஓட்ஸும் சாலடுமாக இருக்கிறது. களியும் கீரையும் நான் கேட்ட பிறகு மருத்துவர் கையால் எழுதித்தந்தவை.

போகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிருங்கள், காத்திருப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டும். இதுவரை சாப்பிட்ட சூரணம், மாத்திரை டப்பாக்கள் எதுவானாலும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் இருக்கும்.