எய்ட்டி சிக்ஸ்: முதல் மூன்று எபிசோட்கள் எப்படி?

போர் இயந்திரங்களை ஓட்டுபவர்களின் கதை சொல்லும் மெக்கா அனிமேயில் நாயகன் ஏறுகிற இயந்திரம் பெரும்பாலும் எதிரியிடம் இல்லாத ஏதோ ஒரு சக்தியோடு வரும். ‘எய்ட்டி சிக்ஸ்’ தொடரின் ஜக்கர்நாட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. நான்கு மெலிந்த கால்கள், முதுகில் 57 மி.மீ. பீரங்கி, கனரக இயந்திரத் துப்பாக்கிக்கே தாங்காத அலுமினியக் கலவைக் கவசம், அவ்வளவுதான். எதிரே வரும், தானாகவே இயங்கும் இயந்திரங்களைக் கொண்ட லீஜியன் படையின் ‘லோவே’ டாங்கியிடம் இருப்பது 120 மி.மீ. பீரங்கி. நேருக்கு நேர் சுட்டால் ஜக்கர்நாட்டின் குண்டு அதன் முன்கவசத்தைத் துளைக்காது. பக்கவாட்டில் புகுந்து, கம்பி நங்கூரத்தை வீசிப் பற்றி ஏறி, கவசம் மெலிந்த இடத்தில் சுட வேண்டும். நாயகன் ஷின் இன்னும் ஒரு படி போய், இயந்திரத் துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு அதிர்வு வாள்களைப் பொருத்தியிருக்கிறான். தொட்டுவிடும் தூரத்துக்குப் போனால்தான் அவை பயன்படும். அந்தப் பாய்ச்சல்களில் வண்டியின் கால் பாகங்கள் தேய்ந்து நொறுங்க, பராமரிப்புக் குழுத் தலைவர் அவனைத் திட்டித் தீர்க்கிறார். சண்டை வடிவமைப்பு முழுக்க இந்தப் பலவீனத்திலிருந்தே பிறந்திருப்பதுதான் தொடரில் முதலில் கவர்கிற விஷயம்.

சான் மக்னோலியா குடியரசு இந்த வண்டிகளை ஆளில்லா விமானம் போல ‘ஆளில்லா ஆயுதங்கள்’ என்று அறிவித்து, உயிரிழப்பே இல்லாத போர் என மக்களிடம் சொல்கிறது. உள்ளே இருப்பவர்கள் குடியுரிமை பறிக்கப்பட்ட, ‘எண்பத்தாறு’ என்று அழைக்கப்படும் இளைஞர்கள். தலைநகரில் ஒரு அறையில் அமர்ந்து ஷின்னின் ஸ்பியர்ஹெட் படைப்பிரிவை வழிநடத்துபவள் லேனா என்ற இளம் ராணுவ அதிகாரி. லீஜியன் வானொலி அலைகளை முடக்கிவிடுவதால் இரு தரப்பையும் இணைப்பது பாரா-ரெய்டு என்ற உணர்வு இணைப்பு. அது கடத்துவது காட்சியை அல்ல, செவிப்புலனை. லேனாவின் திரையில் ஒவ்வொரு வீரரும் ஒரு புள்ளி. காதிலோ அவர்களின் மூச்சு கேட்கிறது. புள்ளி அணைவதற்கும் குரல் நிற்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தில்தான் இயக்குநர் தோஷிமாசா இஷீ கதையை நிலைநிறுத்தியிருக்கிறார். அதனால் ஹெட்போன் போட்டுப் பாருங்கள். மொபைல் ஸ்பீக்கரில் பாதி தொடர் காணாமல் போய்விடும். ஜப்பானிய ஒலியையே தேர்ந்தெடுக்கலாம். ஷோயா சிபா ஷின்னுக்குத் தரும் தட்டையான, சலனமற்ற குரல் வேண்டுமென்றே அப்படி வைக்கப்பட்டது. ஹிரோயுகி சவானோவும் கோட்டா யமாமோட்டோவும் அமைத்த இசை, எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதையும் அறிந்திருக்கிறது.

தடுமாற வைக்கும் இடங்களும் உண்டு. ஒரே நாள் முதலில் லேனாவின் அறையிலிருந்தும், பிறகு முகாமிலிருந்தும் காட்டப்படும். கவனிக்காவிட்டால் காலம் முன்னே போனதாக நினைத்துக் குழம்புவீர்கள். பாரா-ரெய்டில் கேட்ட ஒரு வசனத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால், அதே வசனம் மறுபக்கத்தில் வரும்போது நேரம் பிடிபட்டுவிடும். லீஜியன் இயந்திரங்களுக்கு எல்லாம் ஜெர்மன் பெயர்கள். இப்போதைக்கு வேவு பார்க்கும் ‘ஆமைசே’, டாங்கியான ‘லோவே’ இரண்டும் மனதில் நின்றால் போதும். படைப்பிரிவில் 24 பேர். பெயரும் முகமும் சேர்ந்து மனதில் பதிவதற்குள் சிலர் போய்விடுகிறார்கள். அந்த இழப்பின் கனம் இதனால் குறைகிறது என்பது உண்மையான குறை. குடித்துவிட்டுக் கிடக்கும் குடியரசு அதிகாரிகளையும் இன்னும் கொஞ்சம் மனிதர்களாக எழுதியிருக்கலாம். எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பதால் லேனாவின் எதிர்ப்பு சுலபமாகிவிடுகிறது.

ஷிரோகுமி நிறுவனம் செய்த முப்பரிமாண அசைவுகள், கையால் வரைந்த காட்சிகளோடு சில இடங்களில் ஒட்டவில்லை. ஆனால் ஓட்டத்தில், நான்கு கால்களும் சறுக்கி எடையை மாற்றிக்கொள்ளும் விதத்தில், அந்தக் குறை மறந்துபோகிறது. மூன்றாம் எபிசோடில் ஒரு ஜக்கர்நாட் சதுப்பு நிலத்தில் சிக்குவதைப் பாருங்கள். மெலிந்த கால்கள் மொத்த எடையையும் சிறு பரப்பில் அழுத்துகின்றன, மண் இளகியதும் வண்டி நின்றுவிடுகிறது. அதைத் தொடர்ந்து லேனாவின் மீது கொட்டப்படும் கோபம், முதல் இரண்டு எபிசோட்களில் அவள் காட்டிய கருணையையே கேள்விக்கு உட்படுத்துகிறது. அன்பாகப் பேசுகிறாள், ஆனால் இவர்களின் பெயர் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது.

அசாட்டோ அசாட்டோவின் லைட் நாவலை (படங்களோடு வரும் ஜப்பானிய ஜனரஞ்சக நாவல்) ஏ-ஒன் பிக்சர்ஸ் ஸ்டூடியோ 23 எபிசோட்களாக எடுத்திருக்கிறது. 2021 ஏப்ரலில் தொடங்கிய முதல் பகுதி 11 எபிசோட்கள், அக்டோபரில் தொடங்கிய இரண்டாம் பகுதி 12; கடைசி இரண்டும் தாமதமாகி 2022 மார்ச்சில் வந்தன. ஒரு எபிசோடைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். முதல் மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்து, சூடு ஆறுவதற்குள் நான்காவதையும் போடுங்கள். லேனா அவர்களின் பெயர்களைக் கேட்பது அதில்தான்.