அன், இன், நான், டிஸ்: ஆங்கில எதிர்மறை முன்னொட்டுகள் ஓர் ஒப்பீடு

ஆங்கிலத்தில் ஒரு பெயரடையை மறுத்துச் சொல்வதற்கு 'அன்-', 'இன்-', 'நான்-', 'டிஸ்-', 'ஏ-' எனப் பல முன்னொட்டுகள் உள்ளன. பாடநூல்கள் இவற்றை 'எதிர்ச்சொல்' என்ற ஒரே தலைப்பின்கீழ்ப் பட்டியலிடுவதால், எதைச் சேர்த்தாலும் பொருள் ஒன்றே என்ற எண்ணம் மாணவர்களிடம் வேரூன்றிவிடுகிறது. ஒரே சொல் இரண்டு முன்னொட்டுகளை ஏற்கும் இடங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது.

பிறப்பில் 'அன்-' பழைய ஆங்கிலத்துக்குரியது. 'இன்-' இலத்தீனிலிருந்து வந்தது. 'இன்-' அடுத்து வரும் ஒலிக்கேற்ப இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் எனத் திரியும், 'அன்-' திரியாது. பெயரடை 'அனேபிள்' (இயலாத) என்றும் அதன் பெயர்ச்சொல் 'இனபிலிட்டி' (இயலாமை) என்றும் பிரிந்து நிற்பதற்கு விதி தேடி அலைவதைவிட அகராதியைப் புரட்டுவதே மேல்.

உண்மையான போட்டி 'அன்-', 'நான்-' இரண்டுக்கும் இடையேதான். 'நான்-புரொஃபஷனல்' நடிகர் என்றால் நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாதவர். அதில் குறையேதும் சொல்லப்படவில்லை. 'அன்புரொஃபஷனல்' வழக்கறிஞர் என்றாலோ, தொழிலில் இருந்துகொண்டே அதன் நெறியை மீறியவர் என்ற கண்டனம் வந்துவிடுகிறது. அமெரிக்கர் அல்லாதவர் யாவரும் 'நான்-அமெரிக்கன்'. ஆனால் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 1938ஆம் ஆண்டு அமைத்த விசாரணைக் குழுவின் பெயரில் இடம்பெற்ற சொல் 'அன்-அமெரிக்கன்'. அக்குழு தன் நாட்டுக் குடிமக்கள் பலரையே நாட்டுக்கு ஒவ்வாதவர்கள் என்று ஐயுற்று விசாரித்தது. 'நான்-' வகைப்படுத்துகிறது, 'அன்-' தீர்ப்பளிக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 'இன்-' முன்னொட்டும் இவ்வாறு கடிந்துரைப்பதுண்டு: விலங்குகள் 'நான்-ஹியூமன்', சித்திரவதை 'இன்ஹியூமன்'. தமிழில் முன்னதை 'மனிதர் அல்லாத' என்றும் பின்னதை 'மனிதத்தன்மையற்ற' என்றும் நாம் இயல்பாகவே பிரித்துச் சொல்கிறோம். மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிடலாகாது.

'இம்மாரல்', 'ஏமாரல்' இரண்டும் இதே தன்மையன. முதலாவது அறத்தை மீறுவது. இரண்டாவது அறக் கணக்குக்கு வெளியே நிற்பது. புயலை 'ஏமாரல்' எனலாம், 'இம்மாரல்' என்றால் பொருந்தாது.

'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்பவர் தன்னலச் சார்பற்றவர். 'அன்இன்ட்ரஸ்டட்' என்பவர் அக்கறையற்றவர். நீதிபதி முன்னவராக இருக்க வேண்டும், பின்னவராக இருந்துவிடக் கூடாது. இன்று பலர் இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டிலும் இந்தக் கலப்பு இருந்ததுதான். ஆயினும் பயனுள்ள வேறுபாடு என்பதால் அதைக் காத்து எழுதுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

தோற்றத்தில் எதிர்மறையாக இருந்தும் எதிர்மறையே அல்லாத சொல்லும் உண்டு. நம் சாலைகளில் ஓடும் பெட்ரோல் டேங்கர் லாரிகளின் பின்புறம் எழுதியிருக்கும் 'இன்ஃபிளேமபிள்' என்பதற்கு எளிதில் தீப்பற்றக்கூடியது என்று பொருள். அதில் உள்ள 'இன்-' மறுப்பு அன்று. தீ மூட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் பகுதி அது. எளிதில் தீப்பற்றாதது என்று யாரேனும் தவறாகப் படித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், பாதுகாப்பு எச்சரிக்கைகளில் அதே பொருளுடைய 'ஃபிளேமபிள்' என்ற வடிவமே பரிந்துரைக்கப்படுகிறது. அதன் எதிர்ச்சொல்லுக்கு, ஐயத்துக்கு இடந்தராத 'நான்-' முன்னொட்டையே தேர்ந்து 'நான்-ஃபிளேமபிள்' என எழுதுகிறார்கள்.