கூட்டிய வளவா, சருகு மூடிய வளவா?

கிழக்கிலங்கையின் கடலோரமான எழுவான்கரையில் பொழுது விடிவதே விளக்குமாற்றுச் சத்தத்தோடுதான். களுவாஞ்சிக்குடி, கல்முனை, காரைதீவு, திருக்கோவில் என்று எந்த ஊர் ஒழுங்கையில் நடந்தாலும் வெள்ளை மணலில் ஈர்க்குக் கோடு விழுந்த முற்றமும், மூலையில் புகைந்துகொண்டிருக்கும் சருகுக் கும்பியும் கண்ணில் படும். கூட்டாத வளவு (வீட்டைச் சுற்றியுள்ள காணி) என்றால் ஆளில்லாத வளவு என்றுதான் ஊர் நினைக்கும். இதற்கு ஓர் எதிர்க்கட்சி, 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது பெருத்தது. சருகை எரிக்காதே, மண்ணை மூடு, புழுவும் காளானும் தங்கள்பாட்டில் வேலை செய்யட்டும் என்பது அவர்கள் பக்கம். தடை அந்த வருடமே நீங்கிவிட்டது. பழக்கம் சில வீடுகளில் ஒட்டிக்கொண்டது.

முதல் சண்டை பாம்பில்தான் தொடங்கும். மூடாக்குப் போட்ட வளவுக்குள் கால் வைக்கிற எந்த மாமியும் முதலில் சொல்வது, "வளவெல்லாம் கஞ்சலாக் கிடக்கு, பாம்பு வந்து பூரப்போகுது மகன்" என்பதுதான். அது வீண் பயம் இல்லை. காய்ந்த பலா இலைக்கு நடுவே கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தால் முதுகுப் புள்ளி எது, இலை எது என்று பிரித்தறிய முடியாது. ஆள் நடமாட்டம் கண்டு விலகிப் போகிற பாம்பும் இல்லை அது; பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். வறண்ட கரையோர மணலை விரும்பும் சுருட்டை விரியன் ஒரு முழம்கூட இராது. கூட்டிய முற்றத்தில் இரண்டும் பளிச்சென்று தெரியும்.

கூட்டுவதில் இன்னொரு இலாபம் உண்டு, அதை மூடாக்குக்காரர் கணக்கில் எடுப்பதில்லை. பின்னேரம் கூட்டிவிட்டுப் படுத்தால், இரவில் யார் வந்து போனார்கள் என்று விடியப் பார்க்கலாம். உடும்பு போயிருந்தால் வால் இழுபட்ட கோடும் அதன் இரு பக்கமும் நகக் கீறலும் இருக்கும். பாம்பு போயிருந்தால் நகமில்லாத வழவழப்பான தடம். எந்தப் பாம்பு என்று அதை வைத்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் எங்கிருந்து வந்தது, எதற்குள் போனது என்பது தெரிந்துவிடும்.

அந்தத் தடத்தின் பின்னால் போய்ப் பார்த்தால்தான் விஷயம் மாறுகிறது. அது முடிகிற இடம் அநேகமாக விறகு அடுக்கு, வீடு கட்டி மிஞ்சிய செங்கல், தேங்காய்ப் பொச்சுக் குவியல், இல்லையென்றால் கோழிக்கூட்டின் அடி. நாலு விரல் கனத்தில் பரப்பிய சருகு பாம்பு நிலையாகத் தங்குகிற வீடு இல்லை. வெயில் படுகிற இடத்தில் அதன் மேல்பக்கம் சூடேறிவிடும். குவியலுக்குள்தான் குளிர்ச்சியும் இருட்டும் எலியும் இருக்கின்றன. எலியைக் கூப்பிடுவது நம்முடைய நெல் மூட்டையும் கோழித்தீனியும். ஆகவே முன் முற்றத்தைக் கண்ணாடியாகக் கூட்டி வைத்துவிட்டுப் பின்னுக்குக் கல்லும் பொச்சும் குவித்திருக்கிற வீட்டைவிட, குவியல் இல்லாத சருகு வளவு எனக்குப் பயம் குறைந்தது. சாரையை அடித்துக் கொன்றுவிட்டு எலிக்கு நஞ்சு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நஞ்சு தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் அதனால் சாகக்கூடும். பிறகு எலிக்கு ஆளே இல்லை.

எட்டடி விரியனுக்கு இந்த இரண்டு கட்சியும் ஒன்றுதான். இரவில் வீட்டுக்குள்ளேயே வந்து, நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடிக்கிற கொடிய நஞ்சுப் பாம்பு அது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. கட்டிலில் படுத்து, நுளம்பு வலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்வதுதான் அதற்கு வழி, விளக்குமாறு உதவாது.

மண் என்று வந்தால் எழுவான்கரையில் போட்டியே இல்லை, சருகு வென்றுவிடும். இது கடல் மணல். ஊற்றின தண்ணீர் நிற்காது, போட்ட உரமும் மழையோடு கீழே போய்விடும். மாரி முடிந்து கச்சான் என்கிற வறண்ட காற்று வீசத் தொடங்கினால் கூட்டிய வளவில் கத்தரிக்கும் வெண்டிக்கும் காலை மாலை தண்ணீர் சுமக்க வேண்டும். மூடாக்குப் போட்ட இடத்தில் ஒரு கை சருகைக் கிளப்பிப் பாருங்கள். மேலே மொறுமொறுப்பு, அடியில் ஈரம். இலைக்கு இலை வெள்ளை நூல் ஓடி, தையல் போட்டது போல ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அதுதான் காளானின் உடம்பு. நாம் மழைக்குக் காண்கிற குடை அதன் காய் மாதிரி. சருகை மண்ணாக்குகிற வேலையில் பெரும்பங்கு இந்த நூலுடையது. எரித்தால் மிஞ்சுவது ஒரு பிடி சாம்பல் மட்டும்.

ஆனால் வெள்ளை எல்லாம் நல்ல வெள்ளை இல்லை. காலையில் பச்சையாக நின்ற கொச்சிக்கன்று (மிளகாய்க் கன்று) பின்னேரம் தலை தொங்கினால், நிலத்தோடு ஒட்டிய தண்டைப் பாருங்கள். அங்கே பஞ்சு படர்ந்து, அதற்குள் கடுகளவு உருண்டைகள், முதலில் வெள்ளையாகவும் பிறகு கபில நிறமாகவும் இருந்தால் அது ஸ்கிளெரோட்டியம் என்ற நோய்ப் பூஞ்சணம். கச்சானையும் (நிலக்கடலை) தக்காளியையும் விடாது. அந்தக் கடுகு மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பாதி உக்கிய சருகைத் தண்டோடு அணைத்து வைப்பது அதற்கு விருந்து. கன்றைச் சுற்றி ஒரு சாண் வெறும் மண் விட வேண்டும். பட்ட கன்றை அடி மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்த வேண்டும், பசளைக் குழிக்குள் போடக்கூடாது. நாற்று மேடைக்கும் சருகு வேண்டாம். நாற்றழுகல் ஈரத்தில்தான் பரவும். இந்த இரண்டு இடத்திலும் மாமியின் விளக்குமாறு சொல்வதுதான் சரி.

தென்னை உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மாட்டெருக் கும்பியிலும் உக்கின தென்னங்குற்றியிலும். மெல்லிசாகப் பரப்பிய சருகில் அதற்கு இடமில்லை. எருக்கும்பியைக் கிளறும்போது பச்சைத் தூள் பூசி விறைத்துக் கிடக்கிற புழு அகப்பட்டால் எறிந்துவிடாமல் கும்பிக்குள்ளேயே திருப்பிப் போடுங்கள். அது மெட்டாரைசியம் என்ற பூஞ்சணம் பிடித்துச் செத்த புழு. அந்தத் தூளே மற்றப் புழுக்களுக்கும் தொற்றும்.

ஆபிரிக்க நத்தையில் கூட்டிய வளவுக்கு ஒரு புள்ளி கூட. மழைக்காலப் பகலில் அது ஒளிய இடம் வேண்டும், சருகு அதைக் கொடுக்கிறது. உப்பைத் தோட்டத்தில் தூவினால் நத்தையோடு மண்ணும் கெடும். நத்தைக்கு வைக்கிற மெட்டல்டிஹைட் நஞ்சுக் குறுணி நாய்க்கு ஆகாது. இருட்டினபின் டோர்ச்சோடு போய், கையில் ஷொப்பிங் பையை மாட்டிக்கொண்டு பொறுக்கி, உப்புத் தண்ணி வாளியில் போடுவதுதான் நடக்கிற காரியம். வெறுங்கை கூடாது, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒரு புழுவை அந்த நத்தை சுமக்கும். பற்றையடியில் திரிகிற செண்பகமும் நத்தை தின்னும். ஆனால் பற்றையே இல்லாத வளவுக்குச் செண்பகம் ஏன் வரப்போகிறது?

டெங்கு நுளம்புக்குச் சருகில் பெரிதாக வேலையில்லை. கவிழ்க்காத சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர், இவைதான் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் மாட்டிவிடுபவை.

குரங்கும் மயிலும் கூட்டிய வளவு கூட்டாத வளவு என்று பார்ப்பதில்லை. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு நாடு முழுக்க 5 நிமிடம் குரங்கு, மந்தி, மயில், மலை அணில் எண்ணச் சொன்னார்களே, அன்றைக்குக் கணக்கெடுத்துக் கொடுத்தவர்களுக்கு அது தெரியும். இரண்டு கட்சியையும் விட்டு, முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதிக்கிற மூன்றாவது கட்சியும் இப்போது உண்டு. பாம்பு தெரியும், சேறு இல்லை, உண்மைதான். சித்திரை வெயிலில் அதில் வெறுங்காலோடு நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் கணக்கில் வளவைப் பிரித்துவிடலாம். வீட்டைச் சுற்றி நாலைந்து பாகத் தூரம் (பாகம் என்பது இரு கையும் விரித்த அகலம்), கிணற்றடி, மலசலகூடத்துக்குப் போகிற வழி, இவை தினமும் கூட்டின மணலாகவே இருக்கட்டும். கூட்டின சருகு எரிகிற இடத்துக்குப் போகாமல் வாழையடிக்கும் மாவடிக்கும் போகட்டும், பரப்பி, குவிக்காமல். விறகும் கல்லும் நிலத்தில் கிடக்காமல் மேலே தூக்கி அடுக்கப்படட்டும்.

சருகு விட்ட பக்கத்தில் முதல் மழையோடு காளான் முளைக்கும், அதோடு ஆசையும். கறையான் புற்றடியில் வருகிற புற்றுக் காளான் நல்ல காளான்தான். கறையான் தன் புற்றுக்குள் வளர்க்கிற பூஞ்சணத்தின் குடை அது. பிடுங்கினால் தண்டு வேர் போல மண்ணுக்குள் நீண்டுகொண்டே போகும். புல்லிலும் சருகிலும் வட்டமாக முளைக்கிற பெரிய வெள்ளை நாய்க்குடை வேறு. மேலே கபிலச் செதில், தண்டில் வளையம், குடைக்குக் கீழ் மடிப்பு முதலில் வெள்ளையாகவும் முற்றினபின் பச்சை படிந்தும் இருக்கும். தின்றால் சில மணி நேரத்திலேயே வாந்தியும் வயிற்றோட்டமும். மொட்டாக இருக்கையில் இரண்டையும் பிரிப்பது லேசில்லை. மஞ்சள் போட்டுப் பார்ப்பது, வெள்ளிக் கரண்டி விடுவது, பூச்சி தின்றிருக்கிறதா என்று பார்ப்பது, எதுவும் நஞ்சைக் காட்டாது. புற்றுக் காளானைச் சிறு வயதிலிருந்து பொறுக்கிப் பழகின கை வீட்டில் இல்லையென்றால் முளைத்ததை முளைத்த இடத்திலேயே விடுங்கள். தெரியாமல் தின்று வயிற்றைப் பிரட்டினால், மிச்சக் காளான் ஒன்றையும் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.